லிஸ்பனிலிருந்து பாரிஸ் வரை, சவேரியார் பிறந்த கோட்டை வழியாக: எங்கே ரயில், எங்கே வாடகைக் கார்?

கோட்டாறு வாசி (நாகர்கோவில்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு இப்போது 74 வயது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவின் பத்து நாள்களில் ஒரு நாளைக்கூட அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. டிசம்பர் 3 அன்று மாவட்டத்துக்கே விடுமுறை என்றாலும் எங்கள் வீட்டில் அன்றுதான் வேலை அதிகம். "நம்ம ஊருக்கு வந்தவரின் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வீடு என்று குறிப்பிடுவது, ஸ்பெயினின் நவார் பகுதியில் உள்ள ஹவியேர் கோட்டையை. 1506 ஏப்ரல் 7 அன்று சவேரியார் பிறந்த இடம் அது. முழங்கால் வலி கூடிக்கொண்டே போவதால் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.

பயணம் செய்வது ஐந்து பேர்: தாயார், நான், மனைவி, பதினான்கு வயது மகள், ஆறு வயது மகன். பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையோடு சில நாள்களைச் சேர்த்துக்கொண்டு, செப்டம்பர் பிற்பகுதியில் 16 இரவுகள் தங்குவதாகத் திட்டம். போகிற போக்கில் பாத்திமா அன்னையையும் லூர்து அன்னையையும் பார்க்காமல் திரும்பினால் தாயார் என்னை மன்னிக்கமாட்டார். பாரிஸைப் பார்க்காமல் திரும்பினால் மகள் மன்னிக்கமாட்டாள்.

நான் எழுதி வைத்திருக்கும் திட்டம் இது. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக லிஸ்பன். அங்கே 2 இரவு. விமான நிலையத்திலேயே கார் எடுத்துக்கொண்டு பாத்திமாவில் 1, திருத்தூதர் யாகப்பரின் திருத்தலமான சந்தியாகுவில் 2, சலமான்காவில் 1, ஆவிலாவில் 1, மாட்ரிட்டில் 2, பாம்ப்லோனாவில் 1 (அங்கிருந்தபடியே ஹவியேர்), சான் செபஸ்தியானில் 1, லூர்துவில் 2, பிரான்சின் போர்தோவில் (Bordeaux) 1, கடைசியாகப் பாரிஸில் 2 இரவுகள். காரைப் பாரிஸில் ஒப்படைத்துவிட்டு அங்கிருந்தே ஊர் திரும்ப எண்ணம். கார் ஓட்டுவதில் எனக்கு அச்சம் இல்லை. இருபது ஆண்டுகளாக நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஓட்டுகிறேன். அந்தச் சாலையில் பிழைத்தவன் எங்கும் பிழைப்பான் என்ற துணிவுதான்.

இத்தனை தூரத்தையும் காரிலேயே கடப்பது சரியா, அல்லது சில பகுதிகளை ரயிலுக்கு விட்டுவிட வேண்டுமா என்பதே என் கேள்வி. போய் வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வேளிமலை (தக்கலை) எழுதியது:

ஐயா, உங்கள் திட்டத்தில் பதினாறு இரவுகளுக்குப் பதினொரு ஊர்கள் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ள ஒருவரோடும் ஆறு வயதுக் குழந்தையோடும் பத்து முறை பெட்டி கட்டிப் பத்து முறை அவிழ்ப்பது என்பது, ஊர் பார்ப்பது ஆகாது, வீடு மாற்றுவதுதான். நாங்கள் சில ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுகல்லுக்கும் ஸ்பெயினுக்கும் போனபோது இதே தவற்றைச் செய்தோம். நான்காம் நாளிலேயே எந்த விடுதியில் எந்த மாத்திரைப் பையை விட்டு வந்தோம் என்று தேடும் நிலை வந்தது.

முதலில் செலவைப் பாருங்கள். ஒரு நாட்டில் எடுத்த வாடகைக் காரை வேறொரு நாட்டில் ஒப்படைத்தால், பல நிறுவனங்கள் திரும்பக் கொண்டுபோகும் கட்டணமாகப் பெருந்தொகை வாங்குகின்றன. போர்ச்சுகல்லில் எடுத்துப் பிரான்சில் விடும்போது, சில சமயம் அந்தத் தொகை கார் வாடகையையே மிஞ்சிவிடும். அதே காரை ஸ்பெயினுக்குள்ளேயே ஓர் ஊரில் எடுத்து மற்றோர் ஊரில் விட்டால் கட்டணம் மிகக் குறைவு, பல இடங்களில் இல்லவே இல்லை. ஆகவே எல்லையைத் தாண்டிக் காரை ஒப்படைப்பதில்லை என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கார் எதற்கு என்ற கேள்வி. நீங்கள் எழுதியுள்ள ஊர்களில் கார் இல்லாமல் போவது உண்மையிலேயே கடினமான ஊர் ஹவியேர் ஒன்றுதான். பாம்ப்லோனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில், ரயில் பாதை எட்டாத இடத்தில் இருக்கிறது. மற்ற எல்லா ஊர்களுக்கும் ரயிலோ பேருந்தோ விமானமோ உண்டு. லிஸ்பனிலும் மாட்ரிட்டிலும் பாரிஸிலும் கார் வைத்திருப்பவருக்கு நிறுத்த இடம் தேடுவதே ஒரு தனி வேலை.

பாத்திமாவுக்கு ரயிலில் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாத்திமா என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது; ஆனால் அது திருத்தலத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பெயரைப் பார்த்து இறங்கிவிட்டு நடுவழியில் நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். லிஸ்பனின் சேத்தே ரியோஸ் பேருந்து நிலையத்திலிருந்து நேர்ப்பேருந்து உண்டு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பெரிய பெட்டிகளை லிஸ்பன் விடுதியிலேயே விட்டுவிட்டு, ஒரு கைப்பையோடு போய் ஓர் இரவு தங்கி வாருங்கள். இரவுச் செபமாலைக்குப் பின் நடக்கும் மெழுகுவர்த்திப் பவனிதான் அங்கே காண வேண்டியது. பகலில் போய்ப் பகலிலேயே திரும்புகிறவர்கள் அதை இழக்கிறார்கள். 1917இல் மே முதல் அக்டோபர் வரை காட்சிகள் நிகழ்ந்ததை நினைவுகூர, அந்த மாதங்களில் 13ஆம் தேதியன்று கூட்டம் அலைமோதும். உங்கள் நாள்கள் அதற்கு இடைப்பட்டவை என்பதால் கவலையில்லை.

லிஸ்பனிலிருந்து மாட்ரிட்டுக்கு முன்பு இரவு ரயில் ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, பிறகு திரும்பவில்லை. இரு தலைநகரங்களுக்கிடையே வண்டி மாறி மாறிப் பகல் முழுவதும் போவதைவிட, ஒன்றேகால் மணி நேர விமானமே மேல். ஸ்பெயினின் கடிகாரம் போர்ச்சுகல்லைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதை அன்று மறக்க வேண்டாம்.

சந்தியாகு, சலமான்கா, ஆவிலா, போர்தோ நான்கையும் அடித்துவிடுங்கள். சந்தியாகுவை விடுவது வருத்தந்தான். ஆனால் அது ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது, அந்த ஒரு ஊருக்காக இரண்டு முழுநாள்கள் சாலையில் கழியும். மாட்ரிட்டிலிருந்து பாம்ப்லோனாவுக்கு நேர் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே காரை எடுத்து ஹவியேரைப் பார்த்துவிட்டு, சான் செபஸ்தியானில் ஒப்படைத்துவிட்டு, எல்லையைக் கடந்து ஆன்டாய் நிலையத்தில் பிரெஞ்சு ரயில் ஏறி, பயோனில் மாறி லூர்துவுக்குப் போகலாம். லூர்துவிலிருந்து பாரிஸுக்கு நேர் ரயில் உண்டு.

ரயில் பாஸ் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மூன்று நான்கு ரயில்களுக்கு அது தேவையில்லை. பாஸ் கையில் இருந்தாலும் ஸ்பெயினிலும் பிரான்சிலும் அதிவேக ரயில்களில் இருக்கைப் பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சில மாதங்களுக்கு முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பவர்களுக்கே லாபம்.


குழித்துறைப் பாலம் (மார்த்தாண்டம்) எழுதியது:

வழித்தடத்தைப் பற்றி வேளிமலை நண்பர் சொல்லிவிட்டார். நான் கார் எடுக்கும் மேசையில் நடக்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன். எங்களுக்குச் சிக்கல் வந்தது சாலையில் அல்ல, அந்த மேசையில்தான்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம் எடுங்கள். நாகர்கோவில் டி.என். 74, மார்த்தாண்டம் டி.என். 75, உங்கள் உரிமம் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உட்பட்டதோ அங்கே; விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளம் வழியாக அனுப்பலாம். அரசுக் கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். அது தனியாகச் செல்லாது, நம் ஊர் அசல் உரிமத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் செல்லும். ஆகவே இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இது பெரிய தலைவலி. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் நிற்கும். ஓட்டுநர் உரிமத்தில் ஒற்றை எழுத்துத் தலைப்பாக இருக்கும். கிரெடிட் கார்டில் வங்கி அச்சடித்தது வேறொரு வடிவில் இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். எதிரே அமர்ந்திருக்கும் ஸ்பானியப் பெண்ணுக்கு மூன்று பேர். எனக்கு முக்கால் மணி நேரம் விளக்க வேண்டியதாயிற்று. கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் போட்டு முன்பதிவு செய்யுங்கள். அனுமதிப் புத்தகத்திலும் அதே வடிவம் வருமாறு விண்ணப்பத்திலேயே கவனியுங்கள். நேரம் இருப்பதால் வங்கியிடம் சொல்லிக் கார்டையும் மாற்றி வாங்கிவிடுங்கள்.

ஓட்டுபவரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் வைப்புத்தொகையைப் பிடித்து வைக்கும். டெபிட் கார்டும், வெளிநாட்டுப் பயணத்துக்காக வங்கியில் பணம் ஏற்றித் தரும் கார்டும் பல இடங்களில் ஏற்கப்படுவதில்லை. மனைவியின் கார்டை நீட்டினால் அதுவும் ஆகாது. பிடிக்கப்படும் தொகை ஆயிரம் யூரோவைத் தாண்டக்கூடும் என்பதால், கார்டின் வரம்பில் அந்த அளவு இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் கியர் மாற்றும் கார்தான் வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பதிவிலேயே கேட்க வேண்டும், வாடகையும் கூடும். கூடினாலும் எடுங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில், வண்டி சாலையின் வலப்புறம் என்று எல்லாம் புரண்டிருக்கும்போது, கிளட்ச் என்ற ஒரு கவலையாவது குறையட்டும். ஐந்து பேரும் ஐந்து பெரிய பெட்டிகளும் சாதாரணக் காரில் ஏறாது. ஏழு இருக்கை வண்டியோ பின்புறம் நீண்ட வண்டியோ பாருங்கள். ஸ்பெயினில் 135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகள் பின்னிருக்கையில் அதற்கென்று உள்ள குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும். அதையும் முன்பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.

எரிபொருள் போடும்போது கவனம். ஸ்பெயினில் கசோலினா என்றால் பெட்ரோல். கசோலியோ அல்லது கசாய்ல் என்றால் டீசல். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். பெயரை நம்பாமல் அடையாளத்தைப் பாருங்கள்: பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் இ5 அல்லது இ10, டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7. டேங்க் மூடியின் உட்புறத்திலும் அதே அடையாளம் இருக்கும்.

வலப்புறம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் கைவந்துவிடும். தவறு நேர்வது நெரிசலில் அல்ல, ஏனென்றால் முன்னால் போகிறவன் வழிகாட்டுகிறான். காலையில் ஆளில்லாத சாலையில், ஒரு பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போதுதான் கை தானாக இடப்புறம் திரும்பும். அப்போது பக்கத்தில் இருப்பவர் "வலது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று உங்கள் மகளிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் அது நன்றாக வேலை செய்தது. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, அவர் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார். ஸ்பெயினில் வேக வரம்பு பெருஞ்சாலையில் 120, ஊருக்கு வெளியே உள்ள சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் போக ஒன்று வர ஒன்று என்று இருக்கும் தெருக்களில் 30. நம் ஊரில் எழுபது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் கணக்குப் போடுவோம். அங்கே பெருஞ்சாலையில் முக்கால் மணி நேரம் போதும்.

கடைசியாக, என் சொந்த அனுபவம். காரைத் திருப்பிக் கொடுத்து மூன்று வாரம் கழித்து, சக்கரத்தின் விளிம்பில் கீறல் என்று என் கார்டிலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொண்டார்கள். கீறல் நான் எடுத்தபோதே இருந்தது, ஆனால் என்னிடம் சான்று இல்லை. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நான்கு பக்கமும், நான்கு சக்கரமும், கூரையும், எரிபொருள் முள்ளும் தெரிய வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நிறுத்தத்தில் கொடுத்தார்கள் என்றால், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.


கோட்டாறு வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கடவுச்சீட்டையும் கார்டையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். நாளையே வங்கிக்குப் போகிறேன்.

நான்கு ஊர்களை அடித்துவிட்டேன். சந்தியாகுவை விடுவதைத் தாயாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "யாகப்பர் நம் ஊருக்கு வந்தாரா, இல்லையே" என்று முடித்துவிட்டார்.

ஆனால் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. சான் செபஸ்தியானில் காரை விட்டுவிட்டு, எல்லை கடந்து, பயோனில் வண்டி மாறி லூர்து போவது என்றால், ஐந்து பெட்டிகளோடும் தாயாரோடும் குறைந்தது இரண்டு முறை பிளாட்பாரம் மாற வேண்டும். அவரால் சமதரையில் மெதுவாக நடக்க முடியும். படி ஏறி இறங்குவதுதான் முடியாது. ரயில் நல்லது என்ற கருத்தை ஏற்கிறேன். இந்த ஒரு பகுதியில் மட்டும் கார்தானே எளிது என்று மனம் சொல்கிறது.


கோதையாறு (குலசேகரம், இப்போது தென்மேற்குப் பிரான்சு) எழுதியது:

உங்கள் மனம் சொல்வது சரி. நான் லூர்துவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ரயில் வேண்டும் இடத்தில் ரயில் என்று வேளிமலை நண்பர் சொல்வதோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் அவர் காரை ஓர் இடத்தைப் பார்ப்பதற்கான வண்டியாக மட்டும் பார்க்கிறார். முழங்கால் வலி உள்ளவருக்கு அது பெட்டியையும் படிக்கட்டையும் இல்லாமல் ஆக்கும் வண்டி.

எல்லையில் ஏன் வண்டி மாறியே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்பெயினின் பழைய பாதைகளில் தண்டவாளங்களின் இடைவெளி 1668 மில்லிமீட்டர், பிரான்சில் 1435. நம் நாகர்கோவில் பாதையின் 1676க்கும் ஸ்பெயினுக்கும் எட்டு மில்லிமீட்டர்தான் வேறுபாடு என்பது வேறு கதை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் போட்ட பாதையின் வினை, இன்று உங்கள் தாயாரின் முழங்காலில் வந்து விடிகிறது.

நான் சொல்லும் வழி இது. பாம்ப்லோனாவில் எடுத்த காரை ஹவியேரைப் பார்த்ததும் விட்டுவிடாமல், அப்படியே லூர்து வரை ஓட்டி வாருங்கள். லூர்துவில் இருந்துவிட்டு அதே காரில் பயோன் வழியாக மீண்டும் ஸ்பெயினுக்குள் திரும்பி, சான் செபஸ்தியானில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் காலை குடும்பத்தையும் பெட்டிகளையும் ஆன்டாய் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, நீங்கள் மட்டும் சில கிலோமீட்டர் பின்னால் உள்ள இரூனில் காரை ஒப்படைத்து, தோப்போ என்று அழைக்கப்படும் சிறிய பாஸ்க் ரயிலில் சில நிமிடங்களில் ஆன்டாய் வந்து சேரலாம். எடுத்ததும் ஸ்பெயின், கொடுத்ததும் ஸ்பெயின். ஆன்டாயிலிருந்து பாரிஸுக்கு நேர் அதிவேக ரயில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடும். தாயார் ஒரே முறை ஏறி ஒரே முறை இறங்குவார். காரைப் பிரான்சுக்குக் கொண்டுபோகப் போவதாக முன்பதிவின்போதே நிறுவனத்திடம் சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் போனால் இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம்.

ஹவியேரிலிருந்து லூர்துவுக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், நின்று போனால் நான்கு மணி நேரம். ஹாக்கா நகரைத் தாண்டிப் பிரனீஸ் மலையில் ஏறி, 8.6 கிலோமீட்டர் நீளமுள்ள சோம்போர்ட் சுரங்கச் சாலை வழியாகப் பிரான்சுக்குள் இறங்க வேண்டும். 2003இல் திறந்த சுரங்கம், கட்டணம் இல்லை. அதற்கு முன் கன்ஃப்ராங்க் என்ற ஊரில், மலைக்கு நடுவே ஒரு மாளிகை போல நிற்கும் ரயில் நிலையத்தைக் காண்பீர்கள். 1928இல் திறந்தார்கள், 1970இல் பிரெஞ்சுப் பக்கம் ஒரு பாலம் விபத்தில் இடிந்த பின் எல்லை தாண்டும் ரயில் நின்றே போனது. உங்கள் மகளுக்குப் பிடிக்கும், அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஹவியேரைப் பற்றியும் ஒரு சொல், ஏமாற்றம் வராமல் இருப்பதற்காக. கோட்டையின் கோபுரங்களும் மதில்களும் 1516இல் அரசியல் பகையால் இடிக்கப்பட்டன. இன்று காண்பதில் பெரும்பகுதி பின்னாளில் மீட்டுக் கட்டியது. உள்ளே படிகள் உண்டு, எல்லாத் தளங்களுக்கும் தாயாரால் போக முடியாது. ஆனால் சவேரியார் ஞானஸ்நானம் பெற்ற கல்தொட்டி, கோட்டையை ஒட்டிய பங்குக் கோயிலில் இருக்கிறது. அவர் பார்க்க வேண்டியது அதுதான். கோட்டைக்குள் இருக்கும் புன்னகை செய்யும் சிலுவை நாதரின் மரச்சிற்பத்தையும் கேட்டுப் பாருங்கள். பாம்ப்லோனாவில் தங்கிப் போய்வருவதைவிட, கோட்டைக்கு அருகிலேயே விடுதி இருப்பதால் அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். சுற்றுலாப் பேருந்துகள் போன பிறகு மாலையில் அந்த இடத்தின் அமைதியே வேறு.

லூர்து, முதியவர்களுக்கென்றே அமைந்த ஊர். அன்னை காட்சி தந்த குகையான கெபியைச் சுற்றிய பகுதி முழுவதும் சமதரை. நடக்க இயலாதவர்களைத் தன்னார்வலர்கள் நீல நிற வண்டிகளில் வைத்து இழுத்துப் போவார்கள். இரவு 9 மணிப் பவனி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நாள்தோறும் உண்டு. உங்கள் நாள்கள் அதற்குள் வருகின்றன. நவம்பருக்கு மேல் வந்தால் பாதி விடுதிகள் பூட்டியிருக்கும்.


வேளிமலை எழுதியது:

கோதையாறு அண்ணன் சொன்ன சுற்று என்னுடையதைவிட மேல், ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு தயக்கம். வலப்புறம் ஓட்டப் பழகி இரண்டே நாள் ஆனவர், ஐந்து உயிர்களை வைத்துக்கொண்டு பிரனீஸைக் கடக்க வேண்டுமா? பாம்ப்லோனா, சான் செபஸ்தியான், பயோன் என்று கடலோரமாகச் சுற்றி வந்தால் தூரம் கூடும், ஆனால் ஏறத்தாழ முழுவதும் அகலமான பெருஞ்சாலை.


கோதையாறு எழுதியது:

நியாயமான தயக்கம்தான். செப்டம்பரில் பனி இருக்காது. சாலை நம் கீரிப்பாறைக்குப் போகும் வழியைவிட அகலம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் பெருமழையில் சாலை அரித்துப்போனது உண்டு: 2024 செப்டம்பரில் பிரெஞ்சுப் பக்கச் சாலையின் ஒரு பகுதியையே வெள்ளம் கொண்டுபோய்ப் பல மாதம் வழி அடைபட்டிருந்தது. முதல் நாள் மாலை, விடுதி வரவேற்பறையில் சாலை நிலவரத்தைக் கேளுங்கள். மழை என்றால் கடலோர வழி. வானம் தெளிந்திருந்தால் மலை வழி. எந்த வழியானாலும் லூர்துவுக்கும் பயோனுக்கும் இடையே ஏ-64 பெருஞ்சாலையில் சுங்கம் உண்டு, கார்டிலேயே கட்டலாம்.

இன்னொன்று, பாம்ப்லோனாவில் காரை எடுக்கும் நாள் ஞாயிறாக இருக்கக் கூடாது. நகருக்குள் உள்ள வாடகை அலுவலகங்கள் ஞாயிறன்று மூடியிருக்கும், மற்ற நாள்களிலும் மதியம் சில மணி நேரம் மூடுபவை உண்டு. மாட்ரிட்டிலிருந்து காலை ரயிலில் வந்து, மதிய அடைப்புக்கு முன் சாவியை வாங்கிவிடுங்கள். ரயில் டிக்கெட்டை அதற்கேற்ப எடுங்கள், மாற்றி அல்ல.


உதயகிரி (புலியூர்க்குறிச்சி) எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாரிஸில் ஒரு நாள் மிஞ்சினால், கார் து நோர் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அதிவேக ரயிலில் போகக்கூடிய அராஸ் என்ற ஊர் ஒன்று இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவராகி, எங்கள் உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டிருக்கும் டிலனாய் பிறந்த ஊர் அது. மகளுக்குச் சரித்திரம் பிடிக்குமானால் யோசியுங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஈபெல் கோபுரத்தோடு அது போட்டியிட முடியாது.


கோட்டாறு வாசி எழுதியது:

மகளிடம் கேட்டேன். ஈபெல் வென்றது. ஆனால் டிலனாய் கல்லறையை இந்த ஞாயிறே பார்க்கப் போகலாம் என்கிறாள். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருப்பதை இத்தனை நாள் காட்டாததற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

திருத்திய திட்டத்தை எழுதுகிறேன். லிஸ்பன் 2, பாத்திமா 1, மீண்டும் லிஸ்பன் 1, விமானத்தில் மாட்ரிட் 2, ரயிலில் பாம்ப்லோனா, அங்கே கார் எடுத்து ஹவியேர் 2, லூர்து 3, சான் செபஸ்தியான் 1, ஆன்டாயிலிருந்து ரயிலில் பாரிஸ் 4. மொத்தம் 16 இரவு. காரை ஆறு நாள்தான் வைத்திருப்போம். லிஸ்பனில் கூடுதலாகக் கிடைத்த நாளில் பெலேம் போக இருக்கிறோம். 1541 ஏப்ரல் 7 அன்று, தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், சவேரியார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது அந்த ஆற்றுத்துறையிலிருந்துதானே.

கடைசிக் கேள்வி விசாவைப் பற்றியது. முன்பு ஸ்பெயினுக்கு விண்ணப்பிக்கலாம் என்று எண்ணிப் படிவத்தைக்கூட நிரப்பத் தொடங்கிவிட்டேன். முதலில் இறங்குவது போர்ச்சுகல் என்பதால் அங்கே கேட்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எது சரி?


குழித்துறைப் பாலம் எழுதியது:

இரண்டும் அல்ல. இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு என்ற விதி வரும். உங்கள் பழைய திட்டத்தில் ஸ்பெயினில் 8 இரவு இருந்தது, அப்போது நீங்கள் எண்ணியது சரி. புதிய திட்டத்தை எண்ணிப் பாருங்கள்: போர்ச்சுகல் 4, ஸ்பெயின் 5, பிரான்சு 7. ஆகவே பிரான்சுக்குத்தான். விண்ணப்ப மையம் சென்னையில் இருக்கிறது. ஐந்து பேருக்கும் ஒரே நாளில் நேரம் கேளுங்கள், தாயாரை இரண்டு முறை ரயிலேற்ற வேண்டாம்.

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. செப்டம்பர் பயணத்துக்கு மே மாதத்திலேயே நேரம் பிடித்துவிடுவது நல்லது. கோடைக்காலத்தில் இடம் கிடைப்பதில்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் தலைக்கு 90 யூரோ, சிறுவனுக்கு அதில் பாதி, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். தாயாரின் வயதைச் சொல்லி, முழங்காலையும் சொல்லி எடுங்கள். விடுதிகளைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்துவிட்டு, ரயில் டிக்கெட்டுகளை விசா வந்த பிறகு வாங்குங்கள்.

நிரப்பிய ஸ்பெயின் படிவத்தைத் தூக்கிப் போட வேண்டாம். பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர் வரை அதைப் பார்த்தே பிரான்சுப் படிவத்தையும் நிரப்பலாம். ஐந்து பேருக்கும் எழுத்துக்கு எழுத்துக் கடவுச்சீட்டில் உள்ளபடி.